எண்ணெய் வழித்தடம் – 6: ஏழு கற்கள்

சென்ற வாரம் 1956ல் நிறுத்தியிருந்தோம். சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. வளைகுடா எண்ணெய் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமானால் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் போயாக வேண்டும் என்ற நிலை வந்தது. அந்த நீண்ட வழியில் சின்னக் கப்பலை ஓட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் எண்ணெய் கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் பெரிய கப்பலைத் தேடினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா வரிசையாகக் கட்டித் தள்ளிய டேங்கர்கள் ஒவ்வொன்றும் 16,000 டன் எண்ணெய் சுமந்தன. அன்றைக்கு அவை பெரிய கப்பல்கள். இருபதே ஆண்டுகளில், 1966ல், ஜப்பானின் ‘இடெமிட்சு மாரு’ 2 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது.

கப்பல் வளர்ந்த வேகத்தில் வேறு எதுவும் வளரவில்லை. துறைமுகங்களின் ஆழம், மாலுமிகளின் பயிற்சி, கடல் சட்டம், கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்ற அறிவு எல்லாமே பழைய அளவிலேயே நின்றன.

அந்த இடைவெளிக்குள் வந்து விழுந்த முதல் கப்பலின் கதை இந்த வாரம்.

*

வெட்டி நீட்டப்பட்ட கப்பல்

அதன் பெயர் ‘டோரி கேன்யன்’. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நியூபோர்ட் நியூஸ் கப்பல் தளத்தில் 1959ல் கட்டப்பட்டது. கட்டியபோது சுமார் 60,000 டன் சுமந்தது. சில ஆண்டுகளில் அது போதவில்லை. ஜப்பானுக்குக் கொண்டுபோய், கப்பலை வெட்டி, நடுவே புதிய பகுதியைப் பொருத்தி நீட்டினார்கள். வெளியே வந்தபோது அதன் கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பாகி 1 லட்சத்து 20 ஆயிரம் டன்னை நெருங்கியிருந்தது. நீளம் 297 மீட்டர். உலகின் மிகப் பெரிய கப்பல்களுள் ஒன்று.

இது யாருடைய கப்பல் என்று கேட்டால் ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. பெயரளவில் உரிமையாளர் பெர்முடாவில் பதிவான பாரகூடா டேங்கர் கார்ப்பரேஷன். அதை நீண்ட கால வாடகைக்கு எடுத்திருந்தது கலிஃபோர்னியாவின் யூனியன் ஆயில் நிறுவனம். அந்தப் பயணத்துக்கு மட்டும் அதை அமர்த்திக்கொண்டது பிரிட்டிஷ் பெட்ரோலியம். கொடி லைபீரியாவுடையது. கேப்டனும் மாலுமிகளும் இத்தாலியர்கள். எண்ணெய் குவைத்தில் எடுத்தது. போக வேண்டிய இடம் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன்.

இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே பெரிய வழக்காகப் போகிறது.

1967 பிப்ரவரி 19 அன்று குவைத்தின் மினா அல் அஹ்மதியிலிருந்து 1,19,000 டன் கச்சா எண்ணெயுடன் டோரி கேன்யன் புறப்பட்டது. சூயஸ் அப்போது திறந்துதான் இருந்தது. ஆனால் முழுச் சரக்கோடு கால்வாய்க்குள் நுழைய முடியாத அளவுக்கு அது நீரில் தாழ்ந்திருந்தது. எனவே நன்னம்பிக்கை முனையைச் சுற்றியது. மார்ச் 14 அன்று கேனரி தீவுகளைக் கடந்தது.

கேப்டன் பாஸ்ட்ரெங்கோ ருஜியாத்தி அனுபவசாலி. அவர் மனதில் அப்போது ஒரே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

*

நிலவின் கணக்கு

மார்ச் 11 அமாவாசை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் நன்றாக ஏறும். அரை நிலவு நாள்களில் ஏற்றம் குறையும். நம் கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீருக்குள் ஐம்பது அடிக்கு மேல் இறங்கி நிற்கும் டோரி கேன்யன் மில்ஃபோர்ட் ஹேவனுக்குள் நுழைய வேண்டுமானால் நல்ல ஏற்றம் வேண்டும். மார்ச் 18, சனிக்கிழமை இரவு 11 மணி ஏற்றத்தில் நுழைந்துவிடலாம். அதை விட்டால் அடுத்து 24ஆம் தேதிதான். நடுவே வரும் அரை நிலவு நாள்களில் தண்ணீர் போதாது. துறைமுகத்திலிருந்த முகவர் வானொலியில் இதைச் சொல்லியிருந்தார்.

ஆறு நாள் கடலில் சும்மா நிற்பது என்றால் எவ்வளவு பணம் வீண் என்பது எந்தக் கேப்டனுக்கும் தெரியும்.

இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. கப்பலின் நடுப்பகுதி முன்பின்னைவிடச் சில அங்குலம் கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. துறைமுகத்துக்குள் போகுமுன் ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு எண்ணெயை மாற்றிச் சமன்படுத்த வேண்டும். அதற்கு அலையில்லாத நீரில் ஐந்து மணி நேரம் வேண்டும். ஆக, 11 மணி ஏற்றம் என்பது உண்மையில் மாலை 6 மணிக் கெடுவாகிவிட்டது.

சனிக்கிழமை விடிந்தது.

*

இடது பக்கம் தெரிந்த தீவுகள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மூக்குக்கு மேற்கே சில்லி தீவுகள். இரண்டுக்கும் நடுவே செவன் ஸ்டோன்ஸ், அதாவது ஏழு கற்கள் என்ற பாறைக் கூட்டம். கடல் வற்றும்போது தலை காட்டும், ஏறும்போது மூழ்கிவிடும். எச்சரிப்பதற்காகப் பக்கத்திலேயே ஒரு விளக்குக் கப்பல் நங்கூரமிட்டிருக்கும்.

சில்லிக்கு மேற்கே, திறந்த கடலில் போவதுதான் திட்டம். அப்படிப் போனால் தீவுகள் வலது பக்கம் தெரிய வேண்டும்.

காலை ஆறரை மணி வாக்கில் கண்காணிப்பில் இருந்த முதல் அதிகாரி ரேடாரைப் பார்த்தார். தீவுகள் இடது பக்கம் இருந்தன. இரவோடு இரவாகக் காற்றும் நீரோட்டமும் கப்பலைக் கிழக்கே தள்ளியிருந்தன.

அவர் உடனே கப்பலை மேற்கு நோக்கித் திருப்பினார். அது சரியான முடிவு. பிறகு தூங்கிக்கொண்டிருந்த கேப்டனை எழுப்பிச் சொன்னார்.

கேப்டன் ஒன்று கேட்டார்: பழைய திசையிலேயே போயிருந்தால் தீவுகளில் இடிக்காமல் போகுமா? போகும் என்றார் அதிகாரி. அப்படியானால் பழைய திசைக்கே திருப்பு என்று உத்தரவு வந்தது. மேற்கே சுற்றிப் போனால் அரை மணி நேரம் போல வீணாகும். தீவுகளுக்கும் ஏழு கற்களுக்கும் நடுவே ஆறு மைலுக்கு மேல் அகலமான வழி இருக்கிறது. அதில் நுழைந்து போய்விடலாம்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். ஏழு கற்களிலிருந்து மில்ஃபோர்ட் ஹேவனுக்கு நூறு கடல் மைலுக்குச் சற்று மேல். கப்பல் ஓடியது ஏறக்குறைய 16 நாட் வேகத்தில். ஏழு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதன்பின் எண்ணெய் மாற்ற ஐந்து மணி நேரம். வரைபடத்தை விரித்து நான் போட்டுப் பார்த்த கணக்கில், ஏற்றத்துக்கு முன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையிருப்பு இருந்திருக்கிறது. மேற்கே சுற்றியிருந்தாலும் நேரத்துக்குப் போயிருக்கலாம். கடலில் எது எப்போது தாமதப்படுத்தும் என்று சொல்ல முடியாது என்பதால் கேப்டன் அந்தக் கையிருப்பைத் தொடப் பயந்திருக்கலாம். ஆனால் கெடு என்ற ஒன்று தலைக்குள் ஏறிவிட்டால் மனிதர் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பதில்லை.

கப்பல் வழிக்குள் நுழைந்தது. முன்னால் மீன்பிடி படகுகள், மிதக்கும் வலைகள். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்ப முடியவில்லை. காவலில் இருந்த இளம் அதிகாரி கப்பல் நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறித்தார், குறித்தது தவறு. மீண்டும் குறித்தபோதுதான் பாறைகள் எவ்வளவு அருகில் என்று தெரிந்தது. விளக்குக் கப்பலிலிருந்து எச்சரிக்கை வாணங்கள் பாய்ந்தன.

கேப்டன் இடது பக்கம் முழுதாகத் திருப்பச் சொல்லிக் கத்தினார். மாலுமி சக்கரத்தைச் சுழற்றினார்.

கப்பல் திரும்பவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கைப்பிடியைப் பார்க்க வேண்டும். சுக்கானை யார் ஆள்வது, மனிதரா தானியங்கியா என்பதைத் தீர்மானிக்கும் கைப்பிடி அது. அது இருக்க வேண்டிய நிலையில் இல்லை. சக்கரம் சுழன்றது, சுக்கானுக்குச் சேதி போகவில்லை. ஃபியூஸ் போயிருக்குமோ என்று கேப்டன் தேடினார். பிறகு கண் அந்தக் கைப்பிடியில் விழுந்தது. இழுத்துச் சரியான நிலையில் வைத்தார். கப்பல் திரும்பத் தொடங்கியது.

1,19,000 டன் எண்ணெயைச் சுமந்துகொண்டு முழு வேகத்தில் போகும் கப்பல் நினைத்த மாத்திரத்தில் திரும்பாது. காலை 8 மணி 50 நிமிடம். ஏழு கற்களில் ஒன்றான போலார்ட்ஸ் பாறையில் டோரி கேன்யன் ஏறி நின்றது.

*

யாரைக் கேட்பது?

அடிப்பாகம் கிழிந்து, முதல் சில நாள்களில் மட்டும் ஏறக்குறைய 30,000 டன் எண்ணெய் கடலில் இறங்கியது. அதற்குமுன் இவ்வளவு பெரிய டேங்கர் விபத்தை உலகம் கண்டதில்லை. பிரிட்டனிடம் திட்டமும் இல்லை, அனுபவமும் இல்லை. போரில் மூழ்கிய கப்பல்கள் பல. ஆனால் அவற்றின் எண்ணெயை யாரும் உட்கார்ந்து எண்ணவில்லை.

கடற்படைக் கப்பல்கள் அன்று மாலைக்குள் டிடர்ஜென்ட் பீப்பாய்களோடு வந்துவிட்டன. நெதர்லாந்திலிருந்து வைஸ்முல்லர் என்ற மீட்பு நிறுவனம் கப்பலை இழுத்து விடுவிக்க வந்தது. மார்ச் 21 அன்று கப்பலின் எஞ்சின் அறையில் வெடிப்பு ஏற்பட்டது. மீட்புக் குழுவின் தலைவர் ஹான்ஸ் ஸ்டால் உயிரிழந்தார். கச்சா எண்ணெயின் ஆவி தேங்கிய கப்பலுக்குள் வேலை செய்வது என்றால் என்ன என்பதை அந்த மரணம் காட்டியது.

எண்ணெய் முழுவதும் வெளியேறுமுன் கப்பலைக் கொளுத்திவிடலாம் என்று முதலிலிருந்தே சிலர் சொன்னார்கள். அரசு தயங்கியது. பாறை இருந்தது பிரிட்டனின் அன்றைய மூன்று மைல் எல்லைக்கு வெளியே. கப்பல் லைபீரியக் கொடி பறக்கும் தனியார் சொத்து. திறந்த கடலில் இன்னொருவர் கப்பலில் குண்டு போட எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? மீட்க முடியும் என்று மீட்புக் குழு நம்பிக்கொண்டிருக்கும்போது அழித்தால் யார் பணம் கட்டுவது?

பிரதமர் ஹரால்ட் வில்சனுக்கு அந்தச் சில்லி தீவுகளில்தான் சொந்த வீடு இருந்தது. தன் வீட்டு வாசல் கடலே கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தும் அவரால் உடனே முடிவெடுக்க முடியவில்லை. எட்டு நாள் போனது. இதை நான் தனி மனிதக் குறையாகப் பார்க்கவில்லை. தன் கரையை நோக்கி வரும் ஆபத்தைக் கடலிலேயே தடுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை அதுவரை எந்தச் சட்டப் புத்தகமும் கேட்கவே இல்லை.

மார்ச் 24, புனித வெள்ளியை ஒட்டி எண்ணெய் கார்ன்வால் கரையேறத் தொடங்கியது. 26, ஈஸ்டர் ஞாயிறு. அன்று பௌர்ணமி, ஏற்றம் உச்சத்தில். கப்பலை இழுத்து மிதக்கவிட இதுவே கடைசி வாய்ப்பு என்று இழுவைக் கப்பல்கள் பிடித்து இழுத்தன. வடம் அறுந்தது. கப்பலின் முதுகு முறிந்தது. இன்னும் 40,000 முதல் 50,000 டன் வெளியே வந்தது.

மார்ச் 28. கடற்படையின் புக்கனீர் விமானங்கள் ஆயிரம் பவுண்டு குண்டுகள் 42ஐப் போட்டன. அசையாமல் பாறையில் கிடந்த 297 மீட்டர் இலக்கில் ஏறக்குறைய கால்பங்கு குண்டுகள் தவறின. பின்னால் வந்த ஹண்டர் விமானங்கள் தீ அணையாமலிருக்க விமான எரிபொருளைக் கொட்டின. கடல் ஏறி ஏறித் தீயை அணைத்தது. அடுத்த இரண்டு நாள் நேபாமும் வீசினார்கள். மார்ச் 30க்குப் பிறகு கப்பலில் எண்ணெய் மிச்சமில்லை என்று அறிவித்தார்கள்.

செய்தித்தாள்களுக்கு அதுதான் பெரிய காட்சி. ஆனால் அந்த வாரத்தின் முக்கியமான நிகழ்ச்சி அது அல்ல. அது கீழே, கரையில், பாறைகளின் மேல் நடந்துகொண்டிருந்தது.

*

கழுவிய கரை

கச்சா எண்ணெய் கடலில் விழுந்ததும் முதலில் அதன் லேசான பகுதி ஆவியாகிப் போகும். அடியில் தங்கும் கனமான பகுதி அலையில் கடைபட்டுத் தண்ணீரைக் குடித்து ஊதும். வெண்ணெய்போல் கெட்டியாகி, பழுப்பு நிறத்தில் பல மடங்கு பெருத்துக் கரைக்கு வரும். அதற்கு ‘சாக்லேட் மூஸ்’ என்ற பெயர் பரவியது அந்த ஆண்டில்தான்.

கோடை விடுமுறைக்காரர்களை நம்பியே வாழும் ஊர்கள் கார்ன்வால் கரையில் வரிசையாக இருந்தன. சீசனுக்குள் மணல் வெளுத்தாக வேண்டும். ராணுவம் வந்தது, தீயணைப்புப் படை வந்தது, ஊர்க்காரர்கள் வந்தார்கள். பீப்பாய் பீப்பாயாக டிடர்ஜென்ட் ஊற்றினார்கள். பாறை மேலிருந்து பீப்பாயோடு உருட்டிவிட்டதும் உண்டு.

கரையேறிய எண்ணெய் சுமார் 14,000 டன். அதன்மேல் ஊற்றிய டிடர்ஜென்ட் சுமார் 10,000 டன்.

பெயரைக் கேட்டு வீட்டுச் சோப்புத் தூளை நினைத்துவிடக் கூடாது. கப்பல் எஞ்சின்களின் கசடு கழுவத் தயாரித்த தொழிற்சாலைச் சரக்கு அது. பெரும்பகுதி பெட்ரோலியக் கரைப்பான். பென்சீன் வகையைச் சேர்ந்த நச்சு அதில் ஏராளம். எண்ணெயின் பிடியைத் தளர்த்திச் சின்னத் துளிகளாக உடைத்துத் தண்ணீரில் கலக்கும். கண்ணுக்கு எண்ணெய் மறைந்துவிடும். ஆனால் அது கடலை விட்டு எங்கும் போயிருக்காது. தொட்டுத் துடைக்க முடிந்த எண்ணெய், மீனும் நண்டும் மூச்சுவிடும் தண்ணீருக்குள் போயிருக்கும்.

பாறையில் லிம்பெட் என்று ஒரு நத்தை வாழ்கிறது. சின்னக் கூம்புத் தொப்பியைக் கவிழ்த்ததுபோல் ஓடு. கத்தி முனையால் நெம்பினாலும் எளிதில் அசையாது. அப்படி ஒரு பிடிப்பு. கடல் ஏறும்போது மெல்ல நகர்ந்து பாறைமேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும். வற்றும்போது தன் பழைய இடத்துக்கே திரும்பி வந்து அமரும். பாறை பாறையாகத் தெரிவதற்கு இந்த நத்தை ஓயாமல் மேய்வதும் ஒரு காரணம்.

டிடர்ஜென்ட் பட்டதும் அந்தப் பிடி விட்டது. லிம்பெட்டுகள் ஆயிரக்கணக்கில் பாறையிலிருந்து உதிர்ந்தன. அவற்றோடு கொட்டலசுகள், கிளிஞ்சல்கள், குட்டைகளில் ஒளிந்திருந்த நண்டுகள், சின்ன மீன்கள்.

ப்ளிமத் நகரில் கடல் உயிரியல் சங்கத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. அதன் விஞ்ஞானிகள் கையிலிருந்த வேலைகளை அப்படியே வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். ஊருக்கு ஊர் பாறைகளைப் பார்த்துக் குறித்தார்கள். அடுத்த ஆண்டே புத்தகமாக வெளியிட்டார்கள். அவர்கள் கண்டதில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் காட்ரெவி.

காட்ரெவியில் சீல்கள் வாழ்கின்றன. அவற்றுக்குத் தீங்கு வரும் என்று அஞ்சி அங்கே டிடர்ஜென்ட் ஊற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். எண்ணெய் பாறைமேல் கறுப்பாகவே கிடந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் லிம்பெட்டுகள் சாகவில்லை. பாசியோடு சேர்த்து எண்ணெய்ப் படலத்தையும் சுரண்டித் தின்று மேய்ந்தன. அலையும் வெயிலும் நுண்ணுயிர்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இரண்டு மூன்று ஆண்டுகளில் காட்ரெவி ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

கழுவிய கரைகள்?

மேய்வதற்கு நத்தை இல்லாததால் முதலில் பாறைகள் பச்சைப் பாசியால் மூடிக்கொண்டன. பிறகு பழுப்புக் கடற்பாசி காடாக வளர்ந்தது. அந்தக் காட்டின் நிழலில் புதிய லிம்பெட்டுகள் அளவுக்கு மீறிப் பெருகின. பெருகிய கூட்டம் காட்டை மேய்ந்து தீர்த்தது. தீர்ந்ததும் உணவின்றி மடிந்தது. கூடுவதும் குறைவதுமாக அந்தத் தராசு நடுவில் வந்து நிற்க, மோசமாகக் கழுவிய இடங்களில் 13 முதல் 15 ஆண்டுகள் ஆயின.

ஒரே எண்ணெய், ஒரே கடல், ஒரே வாரம். கழுவாத இடத்துக்கு மூன்று ஆண்டு, கழுவிய இடத்துக்குப் பதினைந்து ஆண்டு. கப்பலை ஏழு கற்களின்மேல் ஏற்றிய அதே அவசரம்தான் கரையில் பீப்பாய்களையும் திறந்தது என்பது என் முடிவு. அங்கே ஏற்றத்துக்குக் கெடு. இங்கே சீசனுக்குக் கெடு.

ஒரு சின்னத் துறவி நண்டு இனமும் அந்தக் கரையில் அடிவாங்கிக் குறைந்தது. பின்னர் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 2016ல்தான் ஃபால்மத் கடற்கரையில் மறுபடி தென்பட்டது.

*

ஏழு கற்களிலிருந்து ஏழு தீவுகளுக்கு

பறவைகளின் கணக்கு வேறு. கில்லிமாட், ரேஸர்பில் என்ற கடற்பறவைகள் கூடு கட்டத் திரும்பும் மாதம் அது. எண்ணெய் பட்ட இறகு தண்ணீரைத் தடுக்காது. குளிர் நேரே தோலில் ஏறும். பறவை தன் அலகால் இறகைக் கோதிக் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும். கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். மக்கள் அவற்றைப் பெட்டிகளில் அள்ளி வந்து சமையலறைகளிலும் கொட்டகைகளிலும் வைத்துக் கழுவினார்கள். கழுவியபோது எண்ணெயோடு இறகின் இயற்கையான மெழுகுத்தன்மையும் போய்விட்டது. காப்பாற்றிக் கொண்டுவந்த ஆயிரக்கணக்கானவற்றில் பிழைத்தவை மிகச் சில. மொத்தம் இறந்தவை 15,000 முதல் 25,000 வரை என்று மதிப்பிட்டார்கள்.

முதல் நாள்களில் கசிந்த எண்ணெய் இதற்குள் ஆங்கிலக் கால்வாயில் கிழக்கே மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஏப்ரலில் கெர்ன்சி தீவில் ஒதுங்கியது. தீவுக்காரர்கள் டிடர்ஜென்டை நம்பாமல் உறிஞ்சி எடுத்தார்கள். ஏறக்குறைய 3,000 டன் கசடைப் பழைய கல்குவாரி ஒன்றில் கொட்டினார்கள். அது அங்கேயே கிடந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குட்டையில் எண்ணெய் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. 2010 வாக்கில்தான் நுண்ணுயிர்களை விட்டுத் தின்னவைக்கும் வேலை தொடங்கியது.

பிறகு பிரான்சின் பிரிட்டனி கரை. அங்கே ‘செட் ஈல்’, ஏழு தீவுகள் என்றே பெயர் கொண்ட பறவைக் காப்பிடம் இருக்கிறது. அங்குள்ள பஃபின் பறவைகளைத் துப்பாக்கிகளிடமிருந்து காப்பதற்காகவே 1912ல் பிரான்சின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு காத்த அந்தக் கூட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு சில வாரங்களில் போய்விட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் சிப்பிப் பண்ணைகளுக்குப் பயந்து டிடர்ஜென்டைக் குறைத்தார்கள். வைக்கோலால் ஒற்றினார்கள், வாளியிலும் மண்வெட்டியிலும் அள்ளினார்கள். பிஸ்கே விரிகுடாப் பக்கம் நகர்ந்த எண்ணெயின்மேல் சுண்ணக்கட்டித் தூளைத் தூவி மூழ்கடித்தார்கள்.

*

சிங்கப்பூரில் ஒரு வக்கீல்

கேப்டன் ருஜியாத்தியை லைபீரியாவின் விசாரணைக் குழு இத்தாலியின் ஜெனோவாவில் வைத்து விசாரித்தது. முழுப் பழியும் அவர்மேல் விழுந்தது. உரிமம் பறிபோனது. உடல் குலைந்து மருத்துவமனையில் கிடந்த மனிதர், புகைப்படக்காரர்களுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தார். அந்தப் படமும் பத்திரிகைகளில் வந்தது. தவறு செய்தவர்தான், ஆனால் ஒரு கைப்பிடியையும் ஒரு கெடுவையும் ஒரு மனிதரின் தலையில் கட்டிவிட்டுக் கோப்பை மூடியதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பணம் யார் தருவது? பெர்முடா கம்பெனியின் சொத்து என்று பிரிட்டன் கைவைக்கக்கூடியது எதுவும் பிரிட்டனில் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி உரிமையாளரின் பொறுப்பு, விபத்துக்குப் பின் மிஞ்சிய சொத்தின் மதிப்பு வரைதான். மிஞ்சியது ஓர் உயிர்காப்புப் படகு. அதன் மதிப்பு 50 டாலர்.

அந்தக் கம்பெனிக்கு இன்னொரு கப்பல் இருந்தது. ‘லேக் பலூர்ட்’. டோரி கேன்யனின் சகோதரிக் கப்பல். அது எந்தத் துறைமுகத்தைத் தொட்டாலும், சகோதரிக் கப்பலைப் பிடிக்கச் சட்டம் இடம்தரும் நாடாக இருந்தால் பிடித்துவிடலாம். பிரிட்டன் காத்திருந்தது.

1967 ஜூலையில் லேக் பலூர்ட் எரிபொருள் நிரப்பச் சிங்கப்பூர் வந்தது. நிற்கப்போவது சில மணி நேரம். பிரிட்டிஷ் அரசுக்காக ஓர் இளம் வக்கீல் படகில் போய் ஏறினார். விஸ்கி விற்க வந்தவர் என்று நினைத்து மாலுமிகள் வழிவிட்டார்கள். அவர் நேரே போய் நீதிமன்ற ஆணையைக் கப்பலின் கம்பத்தில் ஒட்டினார். சட்டப்படி கப்பல் சிறைபட்டது. பின்னாலேயே பிரெஞ்சு அரசின் ஆட்கள் மோட்டார் படகில் துரத்தி வந்தார்கள். அவர்களுக்குக் கப்பல் சிக்கவில்லை. அடுத்த ஆண்டு ராட்டர்டாமில்தான் அவர்களால் பிடிக்க முடிந்தது.

1969ல் இரு நாடுகளுக்கும் சேர்த்து 30 லட்சம் பவுண்டு கொடுத்து உரிமையாளர்கள் வழக்கை முடித்தார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 29 அன்று பிரஸ்ஸல்ஸில் உலக நாடுகள் இரண்டு ஒப்பந்தங்களை நிறைவேற்றின. தன் கரைக்கு ஆபத்து என்றால் திறந்த கடலில் அந்நியக் கப்பல்மேலும் ஒரு நாடு நடவடிக்கை எடுக்கலாம் என்றது ஒன்று. எண்ணெய் கொட்டினால் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, கப்பல் உரிமையாளர்தான் பொறுப்பு, அதற்குக் காப்பீடும் கட்டாயம் என்றது இன்னொன்று. வில்சன் எட்டு நாள் விடை தேடிய கேள்விக்கும், அந்த 50 டாலர் படகுக்கும் பதில் கிடைத்தது. கடல் மாசைத் தடுக்கும் பெரிய ஒப்பந்தமான மார்ப்போல் 1973ல் வந்தது.

*

ஆனால் டோரி கேன்யன் மோதி மூன்று மாதம் ஆவதற்குள், 1967 ஜூன் 5 அன்று மத்திய கிழக்கில் போர் மூண்டது. சூயஸ் மறுபடி மூடியது. இந்த முறை எட்டு ஆண்டுகள். கப்பல் தளங்கள் 2 லட்சம் டன்னைச் சாதாரண அளவாக்கிவிட்டன.

1978 மார்ச் 16. டோரி கேன்யனின் எண்ணெய் ஒதுங்கிய அதே பிரிட்டனி கரை. 2 லட்சத்து 20 ஆயிரம் டன் கச்சா எண்ணெயோடு ‘அமோகோ காடிஸ்’ என்ற கப்பல் புயலில் வருகிறது. கேப்டன் இந்த முறையும் ஓர் இத்தாலியர். காலை 9.45க்குச் சுக்கான் செயலிழக்கிறது. ‘பசிஃபிக்’ என்ற ஜெர்மன் இழுவைக் கப்பல் உதவிக்கு வந்து சேர்கிறது. கப்பல் பாறையில் மோதியது இரவு 9 மணிக்குப் பிறகு.

நடுவே பதினோரு மணி நேரம் இருந்தது. உதவி பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு பகுதி மீட்பு ஒப்பந்தத்தின் பேரத்தில் போனது. புயலில் மிதக்கும் கப்பலைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் அதன் கேப்டனிடம் இருந்ததா, கடலுக்கு அப்பால் சிகாகோவில் இருந்த கப்பல் நிறுவனத்தின் அலுவலகத்திடம் இருந்ததா?

(அடுத்த வாரம்)